முதுகுக் கண்ணி

வியாழக்கிழமை துணிச்சந்தை என்றார்கள்.
காத்ர் போர்னில் இறங்கினேன்.
வெயிலை விரட்டாமல் அதனோடே பெய்தது ஜனவரி மழை.

தேடியது ஒன்றைத்தான்.
பழைய அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் சட்டை.
தடித்த ஆக்ஸ்ஃபோர்டு துணி,
நுனியில் பொத்தானிட்ட காலர்.
அட்டை வைத்து விறைத்த காலர் ஆகாது,
பொத்தானுக்குப் போகும் வழியில்
ஒருதரம் தொப்பை தள்ளி வளைய வேண்டும்.
பிடரியில் மூன்றாவதாக ஒரு பொத்தான்,
எதற்கென்று யாரும் சொன்னதில்லை.
முதுகில் பெட்டி மடிப்பு,
மடிப்பின் உச்சியில்
விரல் நுழையும் அளவுக்கு ஒரு துணிக்கண்ணி.
அங்கே பையன்கள் விளையாடப் போகையில்
கொக்கியில் மாட்டிவிட்டுப் போவதற்காம்.

நான் படித்தது பாலிடெக்னிக்.
காக்கிச் சட்டை, காலரில் கிரீஸ்.
பம்பு விற்கிறவனுக்கு இது எதற்கு என்பாள் உமையாள்.
பதில் இல்லாமலே ஊர் ஊராகத் தேடுகிறேன்.
ஓசாகாவில் இருந்தது,
விலையைப் பார்த்துத் திரும்ப மாட்டிவிட்டேன்.
நைரோபியில் காலர் மட்டும் சரி.
பாஸ்டனில், சொன்னால் நம்பமாட்டீர்கள்,
என் அளவு இல்லை.

தார்ப்பாய்க்குக் கீழே ஏற்றுமதிக் கழிவுக் குவியல்.
பலகையில் 'குர்ப்பேன்' என்றிருந்தது,
எந்தக் குமாஸ்தாவின் காதில் விழுந்த கருப்பனோ.
கடைக்காரி வசந்தீ குர்ப்பேனுக்கும் எனக்கும்
பொதுவாக இருந்தது இரவல் ஆங்கிலம்.
குவியலில் முழங்கை வரை விட்டு
நீலத்தில் ஒன்றை உருவினேன்.
லேபிளைக் கத்தரித்த இடத்தில் இரண்டு நூல் மீசை.
காலரைத் தடவினேன். வளைந்தது.

"வாக்" என்றாள். அலை.
பதினோரு வருஷம் காலர் மேசையில் இருந்தாளாம்.
கழுத்துப் பட்டியைவிடக் காலரை
ஒரு நூல் அதிகமாய் வெட்டினால்தான் அலை எழும்,
அதிகமானால் மூட்டை,
குறைந்தால் போலீஸ்காரன்.
எந்தக் கல்லூரிக்கு என்று கேட்டேன்.
கல்லூரியா, என்றாள்,
பெட்டியில் எண் மட்டும்தான் போட்டிருந்தது.

கை இரண்டு விரல் நீளம்.
"அமெரிக்கர்களுக்குக் கை நீளம்" என்றாள்.
நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று
நான் சொல்லவில்லை.

ரோஸ் நிறத்தில்?
அதுதான் அந்தச் சட்டைகளில் உச்சம்.
"ரோஸ் ஃபினி."
ஒன்றுகூடவா?
"காவடி" என்றாள்,
எங்கள் இருவருக்கும் புரிந்த ஒரே தமிழ்ச் சொல்.
நானூறு கேட்டு முந்நூறுக்குக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கோர் தெ கார்த் மலையடியில்
ஊரே ரோஸாக நின்றது.
காவடி எடுத்தவர்கள் வெற்று மார்போடு,
உடன் வந்தவர்கள் பால்சொம்போடு.
அவர்கள் முதுகைப் பார்த்தேன்.
பெட்டி மடிப்பு.
அந்த முதுகிலும். அதற்கு அடுத்ததிலும்.
ரோஸ் வேட்டிக்கு மேலே,
வியர்வையில் ஒட்டிய ஆக்ஸ்ஃபோர்டு,
பொத்தான் போன காலர், போகாத காலர்,
கத்தரித்து அரைக்கையாக்கிய நீளக் கைகள்.
கூட்டத்தில் நீலம் நான் ஒருவன்.
பதினேழு எண்ணிவிட்டு
எண்ணுவது அசிங்கமென்று நிறுத்தினேன்.

எனக்கு முன்னால் போனவர்
தலைச்சொம்பை இரு கையாலும் பிடித்திருந்தார்.
பின்னால் நான்கு வயசுப் பெண்,
தார் சுட்டு வெறுங்காலை மாற்றி மாற்றி வைக்கிறாள்.
பற்ற அப்பாவின் கை இல்லை.
அவர் குனிந்து நடக்க,
அவள் எக்கி
முதுகுக் கண்ணியில் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டாள்.

மேட்டில் இழுத்தாள், பள்ளத்தில் இழுத்தாள்.
கண்ணியின் ஒரு முனை தையல் விட்டது.
மறு முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றிலும் அரோகரா என்றார்கள்.
நானும் சொன்னேன்,
சட்டையைப் பார்த்தபடி.