பதினோராவது வினாடி

புன்டா அரினாஸில் ஆளைத் தூக்கும் காற்று.
சதுக்கத்தில் கயிறு கட்டிவிட்டார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.

அவசர அழைப்பு நிலையத்தில்
வியாழன்தோறும் ஒருவர் எடுத்த அழைப்பை
இன்னொருவர் கேட்க வேண்டும்.
மேலதிகாரி பக்கத்தில் இருக்கமாட்டார்.
சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
ஒரு ஹெட்போன், இரண்டு நாற்காலி,
ஆறிப்போன மாத்தே.

போன முறை எலிசெயோவுக்கு
"மிக நன்று" என்று எழுதினேன்.
அதைவிடச் சோம்பேறியான பொய்
நான் சொன்னதில்லை.
அவன் அதை மடித்துப் பையில் வைத்தான்.
பசித்தவனுக்குக் காலி டப்பாவை நீட்டியதுபோல்
எனக்குத்தான் கூசியது.

இன்று என் அழைப்பு அவன் காதில்.
ரியோ செக்கோவிலிருந்து ஒரு பெண்.
கணவனுக்கு மூச்சு வரவில்லை.
"அமைதியாக இருங்கள்" என்கிறேன்,
மூன்று முறை.
நிறுத்தினான்.
"முதல் இரண்டும் அவளுக்கு, யாஸ்னா.
மூன்றாவது உனக்கு நீயே சொல்லிக்கொண்டது."

சுருக்கென்றது.
"அவர் பிழைத்துவிட்டாரே" என்றேன்.
"பிழைத்தார். அதனால்தான்
இதைப் பேச முடிகிறது."

மறுபடி ஓடவிட்டான்.
பதினோராவது வினாடியில்
மஞ்சள் தகர வீடு என்கிறாள் அவள்,
வாசலில் கவிழ்ந்த படகு என்கிறாள்.
நானோ கதவு எண்ணையே கேட்கிறேன்,
கடன்காரி மாதிரி.
"அடுத்த முறை படகைப் பிடி" என்றான்.
பிறகு, என்னைப் பார்க்காமல்:
"நடுவில் அவள் பெயரைக் கேட்டாய்.
கடைசிவரை அந்தப் பெயராலேயே கூப்பிட்டாய்.
அதை நான் திருடிக்கொள்கிறேன்."

என் முறை.
"மிக ந" வரை எழுதி அடித்தேன்.
அவன் அழைப்பை இன்னொரு தடவை கேட்டேன்.
ஒன்பது வயதுப் பையன்,
மாடிப்படியில் விழுந்த அம்மா.
எழுதினேன்:
வண்டி கிளம்பியதும் உன் குரலும் கிளம்பிவிடுகிறது.
அந்தப் பையன் இன்னும் லைனில் இருக்கிறான்.

நெடுநேரம் படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
தாளைப் பையில் வைக்கவுமில்லை;
திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்து
மாத்தேவுக்கு வெந்நீர் எடுக்கப் போனான்.
கோபமோ என்னவோ.
வெள்ளிக்கிழமை முழுக்க
உப்பைக்கூட மேசை மேல் தள்ளித்தான் தந்தான்.

செவ்வாய் இரவு, மூன்று மணி.
பக்கத்து இருக்கையில் அவன் குரல்:
"வண்டி வந்துகொண்டிருக்கிறது.
நான் எங்கும் போகவில்லை.
உன் நாய்க்கு என்ன பெயர்?"

திரும்பிப் பார்க்க நேரமில்லை.
என் விளக்கும் எரிந்தது.
காற்று எண் பலகையைப் பிடுங்கிவிட்டதாம்,
ஒரு கிழவர் திணறுகிறார்.
"பரவாயில்லை ஐயா," என்றேன்,
"வாசலில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்."