தையில் கச்சான்

"யாருட்ட காட்டுறதுக்கு இம்புட்டு எழுதுற?"
செபஸ்தி கேட்டாள்,
வெந்த நண்டின் ஓட்டைப் பிரித்தபடி,
என்னைப் பார்க்காமல்.

நான் எடைமேசைக்காரி.
மண்டபத்தில் ரோட்டுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்,
நடுவில் எங்கள் கம்பெனி.
கழித்துப் போட்ட எடைச்சீட்டின் முதுகில் எழுதுகிறேன்.
ஐஸ்தண்ணி பட்டுப் பாதி வரி ஊதாவாகக் கரைந்துபோகும்.
போனால் போகட்டும் என்று விடக்கூடிய வரிகள்தான் அதிகம்.

யாருட்ட என்றால்,
முதலில் மர்ழியா.
கீழக்கரைக்காரி. இரண்டே புத்தகம்,
இரண்டும் சேர்ந்து ஒரு நோட்டுக் கனம் வராது.
வைத்த ஆணத்தில் உப்பில்லை என்பதைப்
பதினோரு சொல்லில் எழுதி
என்னை ஒரு வாரம் சாப்பிட விடாதவள்.
அவளிடம் காட்டினால் பாதியை அடித்துவிடுவாள் என்று நினைப்பேன்.
நினைத்ததுமே நானே அடித்துவிடுவேன்.
அவளுக்கு அனுப்ப இதுவரை எதுவும் மிஞ்சவில்லை.

செத்துப்போன ஒருவரும் உண்டு, பேர் வேண்டாம்.
செத்தவர்களிடம் காட்டுவது சுலபம்,
கொட்டாவி விடமாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் மெய்கண்டமூர்த்தி.
கரூர்ப் பக்கம், தறிச்சத்தத்தில் வளர்ந்தவர்.
கடலை வைத்து ஒரே ஒரு நாவல் எழுதினார்.
அதில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
பாக்கியத்துக்குக் கல்யாணம் முடிந்த தைமாத ராத்திரி:
"கச்சான் வந்து கதவைத் தட்டியது, கடன்காரனைப் போல."

அந்த வரியை வாயில் போட்டுக்கொண்டு
எத்தனை நாள் வேலைக்கு நடந்திருக்கிறேன்.
ரயில்வே கேட் மூடியிருந்தால் சந்தோஷம்,
இன்னும் நாலு தடவை சொல்லலாம்.

ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவுக்கு அவர் வந்தார்.
எனக்கு முன்னால் முப்பது பேர்.
கைப்பையில் பதினாறு சீட்டு, ரப்பர் பேண்டு போட்டு.
சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.
முறை வந்ததும் வாய் வேறொன்றைச் சொன்னது:
"ஐயா, தையில் கச்சான் அடிக்காது.
அது ஆனி ஆடிக் காற்று. தையில் வாடைதான்."

பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது.
நிமிர்ந்தார். அப்படி ஒரு பார்வையை
நான் யாரிடமும் வாங்கியதில்லை.
பக்கம் கேட்டார்,
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
பதினாறு சீட்டும் பையிலேயே திரும்பின.
உச்சிப்புளி வரை ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுபதிப்பு வந்தது.
முன்னுரையில், கடைசிக்கு முந்தின வரியில்,
மண்டபத்து வாசகி ஒருவருக்கு நன்றி.
நூற்றுப் பன்னிரண்டைப் புரட்டினேன்:
"வாடை வந்து கதவைத் தட்டியது, கடன்காரனைப் போல."

சரிதான்.
காற்று சரி, மாதம் சரி.
கதவுதான் திறக்கவில்லை.
வாடை எங்கே தட்டும்? அது கூரையிடுக்கில் நுழைந்து
போர்வைக்குள் வந்து படுக்கிற காற்று.
மாதத்தை மாற்றியிருக்கலாம்.
ஆடியில் பாக்கியத்துக்கு யார் தாலி கட்டுவான்?

அவரை அசத்த நினைத்தேன், அசத்திவிட்டேன்.
செலவு, ஒரு வாக்கியம்.

அதனால் செபஸ்தி,
கச்சானுக்கும் வாடைக்கும் வித்தியாசம் தெரியாத
அந்தக் கரூர்க்காரரிடம்தான் காட்ட ஆசை.
அவர் இப்போது இல்லை.
இருக்கிறவருக்கு வித்தியாசம் தெரியும்,
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
பழைய வரியைச் சொன்னேன், பழையபடியே.

வீட்டுக்காரனைத் தென்கடலுக்கு அனுப்பிவிட்டு
ராத்திரியெல்லாம் காற்றுக்குக் காது கொடுப்பவள்.
"தையில ஏதுடி கச்சான்" என்றாள்.

ஓடு ஒன்று தட்டில் விழுந்தது. பிறகு இன்னொன்று.
தராசு சுழியத்துக்கு இறங்காமல்
நாலு கிராமில் நின்றுகொண்டிருந்தது.

"எங்க, இன்னொரு வாட்டி சொல்லு."