முதல் பரிசு

தொலைக்காட்சியில் ஒருவர்
எங்களை விழுக்காட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.
இத்தனை இருந்தது, இத்தனை ஆகிவிட்டது,
இன்னும் முப்பது ஆண்டில் இத்தனை ஆகும்.
அப்பா கேட்டார்:
"அந்தப் புள்ளிக்குப் பிறகு வருகிற எண்ணில்
நான் எது, குலிசார்? தோளா, முழங்காலா?"
பதிலுக்கு நிற்காமல் கொல்லைக்குப் போனார்.
ஞாயிற்றுக்கிழமை. தென்மேற்கே மழை.
பிரான்ஸில் திறந்துவிட்ட புறாக்கள்
பெல்ஜியம் வந்து சேரும் நேரம்.

நோன்பு மாதத்திலும் அப்படித்தான்,
அண்ணாந்தபடி நிற்பார்.
பிறை தேடுகிறார் என்று தெரு நினைக்கும்.
அவர் தேடியது நீலப் பெட்டையை.

சுரங்கம் மூடிய ஆண்டில் நான் பிறந்தேன்.
அதற்கு முன்பே சங்கத்தில் சேர்ந்திருந்தார்.
சேர்க்கலாமா என்று
இரண்டு குளிர்காலம் பேசினார்களாம்.
கூட்டம் மதுக்கடையில்;
எலுமிச்சைச் சோடாவோடு
கதவோரம் உட்கார்ந்திருப்பார்.
கடைசியில் செயலாளர் யோஸ் கேட்டது ஒன்றே:
"உன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?"

முதல் பரிசு பன்றித்தொடை.
உப்பிட்டு, புகையிட்டு, சிவப்பு நாடா கட்டியது.
ஜெயித்தது அப்பாவின் சாம்பல் ஆண்புறா.
பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல்
இரு கையாலும் வாங்கி,
தெரு முழுக்க நடந்து,
பக்கத்து வீட்டு கோடெலீவின் படியில் வைத்தார்.
பதினொரு முறை ஜெயித்தார்.
பதினொரு தொடை.
அந்த வாரமெல்லாம் அங்கே பட்டாணி சூப் மணக்கும்.
பரிசை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை,
அவரும் கேட்கவில்லை.
இது மரியாதையா, சோம்பலா,
எனக்கு இன்றுவரை தெரியாது.

விலைக்கு வாங்கிய வளர்ந்த புறாவைத்
திறந்துவிடக் கூடாது.
பத்து ஆண்டு தீனி போட்டாலும்
பழைய கூட்டுக்கே பறக்கும்.
அடைத்தே வைப்பார்கள்,
சங்கத்தில் அதற்குப் பெயர் கைதி.
கைதியின் முட்டையில் பொரித்ததோ
இந்தக் கூரையன்றி வேறொன்றும் அறியாது.
அப்பா இதைப் புறாவைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.
நான்தான்,
"நீ உண்மையில் எந்த ஊர்?" என்று
டீச்சர் கேட்டபோதெல்லாம்
கம்பியின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று
குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மார்ச்சில் இறந்தார்.
பள்ளிவாசல் நிதிக்கு
நாற்பது ஆண்டு கட்டிய சந்தா இருந்தது:
உடலுக்கு விமானம்,
கூடப் போக இருவருக்கு இடம்.
இங்கேயே அடக்குவோம் என்றேன்.
"கட்டின பணம்" என்றான் அண்ணன் துன்ஜாய்.
அழுதுகொண்டே சொன்னான்,
அதனால் நான் மேலே பேசவில்லை.
அப்பா அஃப்யோன் போனார்.
புறாக்களை லியேஜ்காரர் ஒருவருக்கு விற்றோம்.

பத்தொன்பதாம் நாள்
காலி மாடத்தின் பலகையில்
நீலப் பெட்டை.
யாரோ தாழைச் சரியாகப் போடவில்லை போலும்.
வழியில் பருந்து பார்த்திருக்கிறது,
இடது சிறகில் மூன்று இறகு இல்லை.
வீட்டில் தானியம் இல்லாமல்
வெந்த பருப்பை ஆறவைத்துக் கொடுத்தேன்.
பணத்தை லியேஜுக்குத் திருப்பி அனுப்பினேன்.

யோஸுக்கு இப்போது எண்பது.
"பெயர்?" சொன்னேன்.
"பிறந்த ஊர்?"
"கென்க்."
நிமிராமல் எழுதிக்கொண்டார்.
"வியாழன் கூட்டம். முதல் பரிசு..."
பேனாவை மூடினார், திறந்தார்.
"இன்னும் அதேதான்.
கோடெலீவுக்கு வேறு பல்லெல்லாம் போய்விட்டது."

பட்டாணி சூப்புக்குப் பல் எதற்கு
என்றேன்.