தொண்டையின் அளவு

மூக்கையூரில், மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால்
ஐஸ் ஆலைக்குத் தூண் நடுகிறோம்.
என் வரைபடத்தில் ஒரு குட்டி முக்கோணம்,
பக்கத்தில் ஆறு.
ஆறு மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

ஒப்பந்தக்காரர் நாகசுந்தரம் அதைப் பார்த்துச் சிரித்தார்.
"கடலோரம் மேடம். பத்து போட்டுவைப்போம்.
கூடுனா குத்தமா?"

குத்தம்தான் என்று காட்ட
என் நோட்டில் கணக்கு இருந்தது:
ஆறாறு முப்பத்தாறு, பத்துப் பத்து நூறு.
உருகி ஊற்றும் உலோகம்
இரண்டே முக்கால் மடங்கு.
எத்தனை கட்டு ராடு என்று சொல்லியிருந்தால்
அவருக்குப் பட்டென்று புரிந்திருக்கும்.
நான் சதுரத்தில் சொன்னேன்.

பில் விஷயமாய் ராமநாதபுரம் போய்
மூன்று நாள் கழித்து வந்தால்
வாலிநோக்கம் சீனி உதுமான்
எல்லாவற்றையும் பத்தில் முடித்திருந்தான்.
அழகு. பொய் சொல்லக் கூடாது.
சூடை மீனைச் சரித்து அடுக்கியதுபோல
வரிவரியாய்ப் படிந்திருந்தது.

ஆனால் அந்த எட்டு மில்லித் தகடு
வெயிலில் கிடந்த கருவாடு வாலைத் தூக்குவதுபோல
ஓரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.
நான்கு போல்ட்டில் இரண்டு
துளைக்குள் இறங்க மறுத்தன.
சூடு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்.
ஆறுகிறபோது இரும்பைத் தன் பக்கம் இழுக்கிறது,
பங்காளி வரப்பை இழுப்பதுபோல, நூல்நூலாக.

வெல்டுக்கும் உடம்பு உண்டு.
கால் உண்டு, முகம் உண்டு, வேர் உண்டு.
ஊரின் பெயரிலேயே மூக்கு இருக்கிறது,
இதற்கு அது மட்டும் இல்லை.
சுமையை வாங்குவதோ தொண்டை.
வேரிலிருந்து முகம் வரைக்கும்
ஆகக் குட்டையான தூரம்,
காலின் நீளத்தில் பத்தில் ஏழு பங்கு.
மேலே உப்பித் தெரிகிற சதையைக்
கணக்கு சேர்த்துக்கொள்வதே இல்லை.

"வெட்டி எடுத்துட்டு ஆறுல போடு" என்றேன்.
உதுமான் என்னைப் பார்க்காமல்
கிரைண்டரைத் தூக்கினான்.
பொறி உடைமரம் வரை போனது.
கச்சான் காற்று. தார்ப்பாயைப் பிடிக்க ஆளில்லை,
நானே பிடித்தேன்.

பிடித்தபடி திரும்பியபோது
அடுத்த தூணில் கண்ணில் பட்டது
என் சிக்கனம்.

ஐம்பது போடு, நூறு விடு, ஐம்பது போடு.
சுமைக்கு அது போதும் என்று
விட்டுவிட்டு ஓடவிட்டிருந்தேன்.
போதும்தான், சுமைக்கு.
விட்ட நூறு ஒவ்வொன்றிலிருந்தும்
தேநீர் நிறத்தில் ஒரு கோடு
இறங்கிக்கொண்டிருந்தது.
நட்டு ஒன்பதே நாள்.
பிரைமர் எட்டாத சந்துக்குள்
உப்பு குடியேறிவிட்டது,
அட்வான்ஸ் கூடக் கொடுக்காமல்.

நாகசுந்தரமும் வந்து பார்த்தார்.
இந்தத் தடவை சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து திருத்தம் எழுதினேன்.
அளவு ஆறு, மாற்றமில்லை.
விட்ட இடமெல்லாம் துருவைச் சுரண்டி, நிரப்பி,
முழு நீளம்.
முனையில் நிறுத்தாமல் மூலையைச் சுற்றித் திரும்பி
இன்னொரு பன்னிரண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
'வடிவமைப்பில் பிழை' என்று போட்டேன்.
செலவு யாருடையது என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன். அதற்கு எனக்கு
இன்னும் தைரியம் போதவில்லை.

காலையில் ஏலக் கூடத்தில்
ஒரு கூடை நகரைக்கு எண் ஏறிக்கொண்டே போனது.
எண்ணூறு, எண்ணூத்தம்பது, தொள்ளாயிரம்.
இந்தப் பக்கம் உதுமான் முகமூடியை நெற்றிக்குத் தள்ளி,
"ஆறுன்னா ஆறேதானா மேடம்?
ஆறரை வந்துட்டா?"

"வரட்டும். அஞ்சரை வந்துடக் கூடாது."

அவன் தலையாட்டி முகமூடியை இறக்கினான்.
நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.
சட்டைப் பையில்
கேஜ் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.