தொட்டி நிழல்

வலசையூர் சேகோ பேக்டரிக் களத்தில்
மரம் கிடையாது.
இருந்த ஒரு வேம்பையும்
இலை உதிர்ந்து சரக்கில் விழுகிறதென்று
போன வருஷம் வெட்டிவிட்டார்கள்.
பதினொரு மணிக்கு எங்களுக்கு இருப்பது
தண்ணீர்த் தொட்டியின் நிழல்.
அகலம் ஒரு புடவை.
நீளம் ஏழு பேர்.

டவுன் பஸ் சீட்டில் உட்காருகிற மாதிரி
எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருவோம்.
வடக்கே மலை.
அதன்மேல்தான் ஏற்காடு.
மாதம்மா மட்டும் போயிருக்கிறாள்,
அதுவும் மிளகு பறிக்க.

காலை ஏழிலிருந்து
ஜவ்வரிசியைக் காலால் கிளறிக்கொண்டே நடந்திருக்கிறோம்.
சிமெண்டுத் தரை முழுக்க வெள்ளை,
அதன்மேல் வெயில், அதுவும் வெள்ளை.
இரண்டும் கண்ணுக்குள் போய்
வெளியே வரமாட்டேன் என்கும்.
மூடினாலும் வெள்ளைதான்.
முதல் ஐந்து நிமிஷம்
யாரும் பேசமாட்டோம்.
மலையைப் பார்ப்போம்.
அழகுக்காக இல்லை,
கறுப்பாய் எதையாவது பார்த்தாக வேண்டும்.
பச்சை அப்புறம்தான் தெரியும்,
மெதுவாக,
ஈரத்துணியில் சாயம் ஏறுகிற மாதிரி.

பிறகு டீ.
தட்டுவடை செட் வாங்குவது இளஞ்சியத்தின் முறையென்றால்
காரச் சட்னி தூக்கலாக இருக்கும்.
பாவாயி முறையென்றால்
பீட்ரூட் துருவல் ஒழுகிக் காகிதமே சிவந்திருக்கும்.
நான் விரலிடுக்கில் ஒட்டிய ஜவ்வரிசியை
ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவேன்.
நேற்று இருபத்திரண்டு. இன்று பதினேழு.
இதை எங்கேயும் எழுதி வைப்பதில்லை.
குப்பாயி செருப்பைத் தலைக்கு வைத்துப் படுப்பாள்.
இரண்டு மூச்சு இழுப்பதற்குள் தூங்கிவிடுவாள்.
நிழல் நகர நகர
காலைப் பிடித்து இழுத்து
உள்ளே போட்டுக்கொள்வோம்.
ஒருநாளும் விழித்ததில்லை.

புதுசாக வந்த சூப்பர்வைசர் லோகநாதனுக்கு
இது கணக்கில் வரவில்லை.
"பதினஞ்சு நிமிஷம், ஏழு பேரு,
நூத்தியஞ்சு நிமிஷம்" என்றான்.
"டீயை நின்ன எடத்துலயே குடிங்க."

நின்ற இடத்திலேயே குடித்தோம்.
டம்ளருக்குள்ளும் வெயில்.
மூன்றாம் நாள் பாவாயி
காய்ந்த குவியலையும் ஈரக் குவியலையும்
ஒன்றாக வாரிவிட்டாள்.
களமே கேட்கிற மாதிரி திட்டினான்.
"வெள்ளைக்கும் வெள்ளைக்கும்
வித்தியாசம் தெரியல சார்" என்றாள்.
அது பொய்யில்லை.

அன்று சாயங்காலம்
பால் தொட்டிப் பக்கம் கை கழுவப் போனேன்.
குச்சிக்கிழங்கு அரைத்து வடிகட்டின பால்
அசையாமல் கிடந்தது.
அடியில் மாவு இறங்கிக்கொண்டிருக்கும்,
மேலே தண்ணீர் தெளிந்துகொண்டிருக்கும்.
எட்டு மணி நேரம் அதற்கு அதுதான் வேலை.
பீகார்ப் பையன் ஒருவன்
ஆழம் பார்க்கக் குச்சியை விடப் போக
லோகநாதன் ஓடி வந்தான்.
"தொடாதே, தொடாதே!
கலக்குனா மறுபடி மொதல்லேர்ந்து நிக்கணும்."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரம் போன பிறகும்
கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பதினொரு மணி.
உத்தரவு எதுவும் மாறவில்லை.
குப்பாயிதான் முதலில் போய்ப் படுத்தாள்.
அப்புறம் இளஞ்சியம்,
அப்புறம் யார் யார் என்று நினைவில்லை.
லோகநாதன் மூட்டை எண்ணுகிறவன் போல
முதுகைக் காட்டி வெயிலில் நின்றான்.
ஒரே மூட்டையை எத்தனை தரம் எண்ணினானோ.
பாவாயி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.
எட்டாவது ஆளுக்கு அந்த நிழலில் இடமில்லை.
ஆனாலும் தள்ளி உட்கார்ந்தாள்.

அவன் வரவில்லை.
நீட்டிய தட்டுவடையை மட்டும்
முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

மலை இன்னும் கறுப்பாய்த்தான் இருந்தது.
"குப்பாயி கால் வெயிலுக்குப் போயிருச்சு பாரு"
என்றாள் மாதம்மா, வாய் நிறைய வடையோடு.
"இழுங்கடி."