நண்பகல் சோதனை

ரோஸ்மேரி ஒன்பதே நாள்.
கள்ளி அடியில் குழைந்து
ஒரு திங்கட்கிழமை சோப்பின் மேல் சாய்ந்தது.
பெர்கனில் மழைக்குக் குறைவில்லை,
டோருனின் குளியலறையில் ஈரத்துக்கும்.
வெளிச்சம்தான்
உள்ளங்கை அகலக் கண்ணாடி வழியே
கடன்பட்டவன் போல எட்டிப் பார்த்து
நழுவிவிடும்.

செடிக்கடை எய்வின் விலை சொல்லவில்லை, கேட்டான்:
"நண்பகலில், விளக்கைப் போடாமல்,
ஷாம்பூ புட்டியைப் படிக்க முடிகிறதா?"

டிராம் ஓட்டுகிறவள்.
தன் வீட்டின் நண்பகலை அவள் பார்த்ததே இல்லை.

விடுப்பு நாளில்
பல் துலக்கும் வேலைகூட இல்லாமல்
சும்மா போய் நின்றாள்.
பெரிய எழுத்து தெரிந்தது.
சின்ன எழுத்தெல்லாம் எறும்பு.
சுவருக்கு அப்பால் யாரோ முட்டை அடிக்கும் சத்தம்.
குழாயடியில் துருக்கறை, மீன் வடிவில்;
எத்தனை வருடமாக நீந்துகிறதோ.

"அப்படியென்றால் பூ கேட்காதே," என்றான் எய்வின்.
"பெரணி எடுத்துக்கொள்.
மூலைக்கு மருள்.
அதற்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிடு,
அதுதான் பராமரிப்பு."
மருள்:
பெயரிலேயே பாதி இருட்டு.

இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு
நெடுநேரம் வெந்நீரில் நிற்கிறாள்.
ஆவி, பெரணிக்காம்.
மின்கட்டணக் கடிதம் பிரிக்கப்படாமல்
கண்ணாடித் தட்டில் சாய்ந்திருக்கிறது.
அதன் பக்கத்தில்
காதுபோல் ஒரு பச்சைச் சுருள்
அவிழலாமா என்று யோசிக்கிறது.

போன ஞாயிறு நண்பகல்
சின்ன எழுத்தையும் படித்துவிட்டாள்,
கடைசி வரி வரை.
வெளிச்சம் ஒன்றும் கூடவில்லை.
மனப்பாடம்.