விற்றது: சுழியம்

செவ்வாய் மாலை
செவலையின் பின்மடி கல்லாய் இறுகிவிட்டது.
ஊசி போட்டுக் கையுறையைக் கழற்றிய ரோஸ்லி
நான்கு விரல் காட்டினார்:
நாலு நாள் விற்காதே. கறந்து கொட்டு.

விரல் காட்டுவது சுலபம்.
ஒன்பது லிட்டர், லிட்டர் ஆறு வெள்ளி.
பெருக்கிப் பார்க்காமல்
வாளியை வாழை மூட்டில் சாய்த்தேன்.
எறும்புகூட அவசரப்படவில்லை.

"யாருக்குத் தெரியப்போகுது"
என்றான் கொழுந்தன் தணிகாசலம்.
அவன் மாடுகள் பீடோங் செம்பனை நிரைக்குள்
காதில் எண் இல்லாமல் மேய்கின்றன.
என்னுடையதற்கு மஞ்சள் வில்லை, 0417.
எண்ணுக்கும் திரும்பாது, பெயருக்கும் திரும்பாது;
தவிட்டு டின் சத்தத்துக்குத்தான்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை.
கோயில் கமிட்டி வீரமுத்து
மோட்டாரை அணைக்காமலே கேட்டார்:
"கொட்டுறதைச் சாமிக்குக் கொடேன்.
கல்லுக்கு ஏது வயித்து வலி?"

நியாயம்தான்.
தூக்குச்சட்டியைக் கழுவியும் விட்டேன்.
கவிழ்த்து வைக்கும்போதுதான் உறைத்தது:
கல்லில் வழிவது கோமுகம் இறங்கி
பிள்ளைகளின் உள்ளங்கைக்குத்தான் வருகிறது.
அடுத்த வாரம் இரண்டு பங்காய்த் தருகிறேன் என்றேன்.
அவர் முகம் போன போக்கை எழுத
பதிவேட்டில் பத்தி இல்லை.

இருப்பவை: தேதி, எண், மருந்து, லிட்டர்.
விற்றது, சுழியம். சுழியம். சுழியம்.
பிறகு, முதல் சுழியத்தை அடித்தேன்.
புதன் விடிகாலை, கைப் பழக்கத்தில்,
மாமாக் கடைத் தேநீருக்குப் போன
இரண்டு லிட்டரையும் எழுதினேன்.

ரோஸ்லி படிப்பார்.
படிக்கட்டும்.